டோக்கன் கொடுப்பவன்

அமல்தாஸ் காசநோய் மாத்திரையை நிறுத்திப் பத்து நாளாகியிருந்தது.

“ரெண்டு மாசம்தான் முடிஞ்சிருக்கு. இன்னும் நாலு மாசம் பாக்கி. யாரைக் கேட்டு நிறுத்தினார்?” சுகாதாரப் பணியாளர் பாரதி வாசலில் நின்றே கேட்டாள்.

அமல்தாஸின் மனைவி அமுதா தயங்கினாள். “இருமல் நின்னுபோச்சுங்க மேடம். மாத்திரை போட்டா குமட்டுதுன்னாரு. பாப்பிரெட்டிப்பட்டி மண்டபத்துல ஏதோ பவுடர் தர்றாங்களாம். உடம்புல இருக்கிற செல்லை எழுப்பி வுட்டா, அதுவே கிருமியைத் தின்னுடுமாம். இப்பத்தான் அதை வாங்கப் போறேன்னு பஸ் ஏறினாரு.”

பாரதிக்குச் சுள்ளென்று கோபம் ஏறியது. பாதியில் விட்டால் கிருமி எந்த மருந்துக்கும் மசியாமல் திரும்பி வரும். அப்படித் திரும்பி வந்ததால் விழுந்த இரண்டு சாவுகளுக்கு அவள் போயிருக்கிறாள்.

அவசர வேலை இரண்டை முடித்துக்கொண்டு, மதியம் வண்டியை மண்டபத்துக்கு விட்டாள்.

உள்ளே நூறு பேர் இருந்தார்கள். மேடையில் வெள்ளைக் கோட்டு மாட்டிக்கொண்டு, பவுடர் விற்கும் முருகேஷ் முழங்கிக்கொண்டிருந்தான்.

“உங்க உடம்புக்குள்ள ஒரு பட்டாளமே தூங்குதுங்க! நம்ம பவுடர் அதைத் தட்டி எழுப்பும். அப்புறம் மாத்திரை எதுக்கு?”

கைதட்டினார்கள்.

வாசல் மேசையில் டோக்கன் கொடுத்துக்கொண்டிருந்தவனைப் பார்த்து பாரதி திகைத்தாள். இனிகோ! இரண்டு வருஷத்துக்கு முன் முப்பத்தாறு கிலோ எடையில், ஆட்டோவிலிருந்து தூக்கி இறக்கப்பட்டவன். அவள் ஆறு மாதம் விடாமல் மாத்திரை கொடுத்துத் தேற்றியவன்.

“நீயா? இங்கயா?”

அவன் பதறி எழுந்தான். “மேடம், மெதுவா பேசுங்க. வெளிய வாங்க, சொல்றேன்.”

“எதுக்கு மெதுவா? என் கையால ஆறு மாசம் மாத்திரை வாங்கிச் சாப்பிட்டு எழுந்து உட்கார்ந்தவன்தானே நீ? இப்ப ஊரையே சாகடிக்க டோக்கன் குடுக்கிறியா?”

எல்லாத் தலைகளும் திரும்பின.

முருகேஷ் மைக்கிலேயே கேட்டான். “என்ன இனிகோ, நீ கவர்ன்மெண்ட் மாத்திரை ஆளா? எங்ககிட்ட மூச்சே வுடல?”

கூட்டம் சிரித்தது. பாரதி இனிகோ பக்கம் திரும்பினாள்.

“உன்னைப் பொழைக்க வெச்சேன் பாரு, எனக்கு வேணும்!”

இரண்டு பேர் வந்து பாரதியை வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினார்கள். 

மறுநாள் ஆரம்ப சுகாதார நிலையம் திறக்கும் முன்பே அமல்தாஸ் அங்கே நின்றிருந்தான். கூடவே முன்பின் தெரியாத மூன்று பேர்.

“தப்புதாங்க மேடம். மறுபடி மாத்திரை குடுங்க. இவங்களும் நடுவுல வுட்டவங்கதான்.”

பாரதியால் நம்ப முடியவில்லை. “பவுடர் வாங்கலையா?”

“மண்டபத்துக்குள்ளயே போகலைங்க. வாசல்ல டோக்கன் குடுக்கிற அண்ணன் குனிஞ்சு காதுல சொன்னாரு. ‘நானும் இந்த நோவுல கிடந்தவன்தான். உடம்புல பட்டாளம் இருக்கிறது நெசம். ஆனா மாத்திரை இல்லாம அது தனியா ஜெயிக்காது. சத்தம் போடாம ஆஸ்பத்திரிக்குப் போயிடு’ன்னாரு. அப்பவே திரும்பிட்டேன். இந்த மூணு பேரையும் அவருதான் அனுப்பினாரு. இதுக்குன்னே அங்க வேலைக்குச் சேர்ந்தாராம்.”

பாரதி மாத்திரை அட்டையைக் கையில் வைத்தபடி நின்றாள்.

“காலையில பஸ்ல அவரைப் பார்த்தேங்க, பாவம். நேத்து நாங்க அங்கேருந்து கிளம்பினப்புறம் யாரோ ஒரு அம்மா போயி, அவரு மாத்திரை சாப்பிட்டவருன்னு எல்லார் முன்னாடியும் கத்திட்டாங்களாம். உடனே தொரத்தி வுட்டுட்டாங்க. இனிமே அங்க வர்றவங்க காதுல யாருங்க மேடம் சொல்லுவா?”