பிரிசில்லாவின் சந்தேகங்கள்

பிரிசில்லா மறுபடியும் கையைத் தூக்கினாள்.

செல்வராஜுக்கு மானமே போயிற்று. காலையிலிருந்து இது மூன்றாவது தடவை.

“புரியல மேடம். பாடத்தைக் கடைசி நாள்லேர்ந்து எழுதணும்னா எப்படி?”

ஹாலே சிரித்தது. அங்கே இருந்த பன்னிரண்டு பேரும் ஜப்பானிய மொழி வாத்தியார்கள். கம்பெனி ஆட்களுக்கு ஏற்ற மாதிரி பாடத்திட்டம் போடுவது எப்படி என்று கற்றுக்கொள்ள மாமல்லபுரம் வந்திருந்தார்கள். கற்றுக்கொள்ளத்தான் வந்தார்கள். ஆனால் நாலு வாத்தியார் நடுவில் ஒரு வாத்தியார் எழுந்து ‘எனக்குப் புரியல’ என்று சொல்வாரா? இவளைத் தவிர ஒருத்தரும் வாயைத் திறக்கவில்லை.

பயிற்சி கொடுத்த பிரதீபா மேடம் மட்டும் சிரிக்கவில்லை.

“நாப்பது மணி நேரம் படிச்சு முடிச்சதும் அந்த ஆள் இன்னா பேசணும்? மெஷின் நின்னுபோனா, ஏன் நின்னுச்சுன்னு ஜப்பான் மேனேஜர்கிட்ட சொல்லணும். அதை முதல்ல எழுதுங்க. அதுக்கு எது எது வேணும்னு பின்னாடியே வாங்க. எழுத்து, இலக்கணம் எல்லாம் தேவைப்படுற இடத்துல தானா வரும்.”

செல்வராஜ் ஒரு வரி விடாமல் நோட்டில் எழுதிக்கொண்டார். சும்மா இருக்கட்டுமே என்று.

பக்கத்து நாற்காலி ராஜாராம் குனிந்தார். “இன்னா சார், அந்தப் பொண்ணு ஊரப்பாக்கத்துல உங்ககிட்டதான் படிச்சுதாமே? நல்லாத்தான் சொல்லிக் குடுத்துகீறீங்க!”

செல்வராஜ் நோட்டுக்குள் தலையைக் கவிழ்த்துக்கொண்டார். ஐந்து மணிக்கு ஆளுக்கொரு பாடத்திட்டம் எழுதிக் கொடுக்க வேண்டும். யாருடையது உருப்படியோ, அவருக்கு மறைமலைநகர் பக்கத்து ஜப்பான் கம்பெனி வகுப்பு. செல்வராஜ் பதினோரு வருஷம் மாடி ரூமில் பத்துப் பேருக்கு எழுத்து சொல்லிக்கொடுத்தே தேய்ந்தவர். முதல் தடவையாக ஒரு கம்பெனி கண்ணில் படுகிறது. வீட்டில் சொல்லியாயிற்று. அவசரப்பட்டு வாட்ஸ்அப் ஸ்டேட்டஸிலும் போட்டாயிற்று. இந்த நேரம் பார்த்து இவள்!

டீ இடைவேளையில் அவளைப் பிடித்துக்கொண்டார்.

“இன்னாம்மா உன் பிரச்சினை? மூணு வருஷம் எங்கிட்ட படிச்சே. இதுகூடவா ஏறல? எல்லாரும் எம்பேரைச் சொல்லி சிரிச்சிகினு இருக்காங்க. இந்த லட்சணத்துல அந்த கம்பெனி வகுப்பு வேணும்னு நீயும் வந்துகீற. இனிமே கையைத் தூக்காத. புரிஞ்சுதா?”

பிரிசில்லா வாயிலிருந்த சமோசாவை விழுங்கினாள்.

“இது புரிஞ்சுது சார்.”

அதற்கப்புறம் அவள் கையைத் தூக்கவே இல்லை. மேடமும் பாடத்தை நிறுத்தாமல் ஓட்டினார். மேனேஜரிடம் என்ன கேட்பது, மெஷின்காரரிடம் என்ன கேட்பது, ரெண்டு பேரும் வேறு வேறு சொன்னால் பாடத்தை எப்படிப் பிரிப்பது, பரீட்சைக்குப் பதில் என்ன வைப்பது...

“புரியுதுல்ல?” என்றார் மேடம்.

எல்லாத் தலையும் ஆடியது. செல்வராஜின் தலை கொஞ்சம் கூடுதலாகவே.

நாலு மணிக்கு எழுத உட்கார்ந்தார்கள். காலையில் கேட்டதை வைத்து முதல் பக்கம் ஜோராக வந்தது. அதோடு நின்றது. டீக்கு அப்புறம் மேடம் சொன்ன ஒரு அட்சரமும் செல்வராஜின் மண்டையில் இல்லை.

நிமிர்ந்தார். மேஜைக்கு எதிர்ப்பக்கம் பிரிசில்லா நாலு பக்கம் நெருக்க நெருக்க எழுதி, ஸ்டேப்ளர் பின் அடித்து வைத்துவிட்டு ஜாலியாக உட்கார்ந்திருந்தாள்.

“யாருக்காவது சந்தேகம் இருக்கா? இன்னும் அரை மணிதான்,” என்றார் மேடம்.

பிரிசில்லாவின் கை மெல்ல மேலே போனது.

செல்வராஜுக்குச் சுர்ரென்றது. மேஜைமேல் சாய்ந்து கிசுகிசுத்தார். “நீதான் முடிச்சிட்டியே! இன்னும் இன்னா சந்தேகம் உனக்கு?”

“எனக்கு ஒண்ணும் இல்ல சார்,” அவளும் கிசுகிசுத்தாள். “புரியலைன்னா நீங்க பேனா மூடியைக் கடிப்பீங்க. மூணு வருஷம் முன்பெஞ்சுலேர்ந்து பாத்துகீறேன். இன்னிக்குக் காலைலேயே மூணு வாட்டி கடிச்சிட்டீங்க.”

செல்வராஜ் வாயிலிருந்து பேனா மூடியை எடுத்தார்.