கறுப்பு ரப்பர் புழு

ஆவடி குவார்ட்டர்ஸ் வீட்டில் அன்று மூன்று பேர் இருந்தார்கள்: ஜெயபால், அவன் மனைவி செலின், மஸ்கட்டிலிருந்து லீவில் வந்திருந்த அவள் தம்பி கிறிஸ்துதாஸ். ஜெயபாலின் மடக்குத் தூண்டில் பீரோவுக்குள் இருந்தது. பீரோ சாவி செலினின் இடுப்பில் இருந்தது.

"பாஸ்னு ஒரு மீனைப் பிடிக்க வெள்ளைக்காரன் செஞ்சது மாமா. நம்ம விராலும் வுடாது" என்று கிறிஸ்துதாஸ் தான் கொண்டுவந்திருந்த ரப்பர் புழுக்களைப் பாயில் கொட்டினான்.

"திருநின்றவூர் ஏரி கலங்கலா கீது மச்சான். கறுப்பை எடு, அதான் மீனுக்குத் தெரியும்."

ஜெயபால் ஒரு தூண்டில் முள்ளைப் புழுவின் தலையில் குத்தி, கழுத்து வழியாக வெளியே இழுத்து, திருப்பி, நுனியை மறுபடி அதன் உடம்புக்குள் செருகினான்.

"இப்டி பொத்தி வெச்சா ஆகாயத்தாமரைல மாட்டாது. மீன் கடிச்சாத்தான் முள்ளு வெளிய வரும்."

"யாரு போறதுக்கு இவ்ளோ ஜோடனை?" என்றாள் செலின்.

"ஒரே ஒரு தபா, செலின்."

"முடியாது."

"உங்கக்காவுக்கு ஜெயில்லயே வேலை குடுக்கலாம் மச்சான்."

செலின் சிரிக்கவில்லை. புழுவைப் பிடுங்கித் தன் முழங்கையில் அழுத்தி இழுத்தாள். கீறல் விழவில்லை. பிறகு ஜெயபாலின் கன்னத்துத் தழும்பின் மேல் மெதுவாக இழுத்தாள். போன வருஷம் அதே ஏரிக்கரையில் வலிப்பு வந்து விழுந்தபோது தூண்டில் முள் கிழித்த தழும்பு அது.

பீரோவைத் திறந்து தூண்டிலை எடுத்துக் கொடுத்தாள்.

"தண்ணில கால் வெக்கக் கூடாது. பின்னாடி நின்னு உன் சட்டையைப் புடிச்சிக்குவேன்."

இருவரையும் வெளியே அனுப்பிவிட்டுத் தானும் வந்து, கதவைச் சாத்திப் பூட்டினாள்.