சினை என்று எழுதிய அட்டை

பசுவின் வயிற்றில் குத்திய ஊசி வழியாகக் கண்ணாடிக் குப்பியில் மஞ்சள் நீர் சொட்டுகிறது. கழுத்து நரம்பு கயிறாகப் புடைத்திருக்கிறது. நெஞ்சோரம் மாட்டு டாக்டரம்மா கைமுட்டியால் அழுத்த, பசு முனகுகிறது.

"கன்னு இல்லம்மா, எல்லாம் தண்ணி. கம்பி முழுங்கியிருக்கு. அது இதயத்தைக் குத்திடுச்சு."

"சினை ஊசி போட்டவரு அட்டையில எழுதிக் குடுத்தாரே!" என்கிறாள் மாட்டுக்காரி.

"கை விட்டுப் பார்த்தாரா?"

"வாசல்ல நின்னே பார்த்தாரு. வயிறு பெருசாயிருக்குன்னாரு."

"சினைக்கும் சீக்குக்கும் வித்தியாசம் தெரியாத ஆளுக்குப் பேனா எதுக்கு? அன்னிக்கே கூப்பிட்டிருந்தா காப்பாத்தியிருப்பேனே!"

ஆத்திரத்தோடு தீவனத் தொட்டியைத் துழாவுகிறாள் டாக்டரம்மா. வைக்கோல் கட்டைச் சுற்றிவந்த கம்பி, விரல் நீளத் துண்டுகளாகக் கையில் வருகிறது.

மாட்டுக்காரி தூணையே பார்க்கிறாள். அட்டை மாட்டிய அதே ஆணியில், கன்றுக்கென்று வாங்கிய சின்ன மணி தொங்குகிறது.