ஆயா கொடுத்த ஞானஸ்நானம்

"பினாயில் நாறுற கையால தண்ணி ஊத்தினா அது ஞானஸ்நானமா?" என்றார் சபை மூப்பர்.

ஆயா கையைப் பின்னால் மறைக்கவில்லை. மேசை மேலேயே வைத்தாள். பெரியாஸ்பத்திரி பிரசவ வார்டில் இருபத்தாறு வருஷம் தரை துடைத்த கை. விரலிடுக்கெல்லாம் வெந்து வெளுத்திருந்தது.

"உங்க மூணு பிள்ளைங்க பிறந்தப்பவும் இந்தக் கைதான் ரத்தத்தைத் துடைச்சது. அப்ப நாறலையா?"

போதகர் இருமினார். சிரிப்பை மறைக்க வேறு வழியில்லை.

கோயில் அலுவலறைக்கு வெளியே, வராந்தா பெஞ்சில் குழந்தையின் தாய் உட்கார்ந்திருந்தாள். கல் குவாரியில் ஜல்லி சுமப்பவள். பக்கத்தில், மருந்து பாட்டில் வந்த அட்டைப்பெட்டி. அதற்குள் குழந்தை. நேற்றுக் காலை ஏழாம் மாதத்திலேயே பிறந்து, உடனே இறந்தும் போய்விட்டது. பால் கட்டி அவள் ரவிக்கை நனைந்திருந்தது. துடைக்கத் தோன்றவில்லை அவளுக்கு. நாலு மாசத்துக்கு முன்னால் குவாரி வெடியில் போன புருஷன் கோயில் கல்லறைத் தோட்டத்தில் கிடக்கிறான். பிள்ளையை அவன் காலடியில் வைக்க வேண்டும். அவள் கேட்டது அவ்வளவுதான்.

"சபைச் சட்டம்னு ஒண்ணு இருக்கு," என்றார் மூப்பர். "ஞானஸ்நானம் வாங்காததுக்குத் தோட்டத்துல இடமில்ல. சுவருக்கு அந்தப் பக்கம் வெச்சுக்கட்டும்."

"அங்க ஊர்க் குப்பையெல்லாம் கொட்டுறாங்க. நாய் தோண்டும்."

"அதுக்குச் சபை என்ன பண்ணும்?"

"சுவரைக் கட்டினது சபைதானே? அந்தச் சட்டம் வேதத்துலயும் இல்ல, ஞானோபதேசத்துலயும் இல்ல. உங்க கமிட்டி போட்டது. சரி, அதை விடுங்க. உங்க சட்டப்படியே வர்றேன். பிள்ளைக்கு ஞானஸ்நானம் ஆயிடுச்சு. நான் கொடுத்தேன்."

"நீ யாரு கொடுக்க?"

"விசுவாசி. சாகக் கிடக்கிற பிள்ளைக்குப் போதகர் வந்து சேர முடியலைன்னா எந்த விசுவாசியும் கொடுக்கலாம்." போதகர் பக்கம் திரும்பினாள். "நான் சொல்றது தப்பா ஐயா?"

"தப்பில்ல. அவசர ஞானஸ்நானம்னு ஆராதனை முறைமையிலயே இருக்கு."

"அதுக்காகக் கூட்டிப் பெருக்குறவ எல்லாம்..." என்று இழுத்தார் மூப்பர்.

"வெளிய லுத்தரன் சபைன்னு போர்டு மாட்டியிருக்கீங்க. மனுஷன் செய்ற கிரியையால ஒண்ணும் ஆகாது, தேவனோட கிருபையாலதான்னு ஞாயித்துக்கிழமை தவறாம எங்களுக்குச் சொல்றீங்க. இப்ப என் கை சுத்தமான்னு மோந்து பாக்குறீங்க. தண்ணிக்குப் பலம் கொடுக்கிறது ஊத்துற கையா, தண்ணியோட சேர்ந்த தேவ வார்த்தையா? வேதபாடம் சொல்லித் தர்ற திடப்படுத்தல் வகுப்புல இதுக்குப் பதில் தெரியலைன்னா பத்து வயசுப் பிள்ளையைக்கூடப் பெஞ்சு மேல நிக்க வைப்பாங்க."

மூப்பர் முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளைப் பெஞ்சு மேல் நிற்க வைத்தவர். முகம் சிவந்து போனது.

"ஆஸ்பத்திரிச் சீட்டைக் கொடு," என்று வாங்கிப் படித்தார். "பத்து நிமிஷம் உயிரோட இருந்துச்சுன்னு போட்டிருக்கு. நீ ஊத்தினதை யாரு பார்த்தா?"

"யாரும் பாக்கல. தாய்க்கு ரத்தம் நிக்கல, மயங்கிக் கிடந்தா. டாக்டரும் நர்ஸும் அவளோட மல்லுக்கட்டிக்கிட்டு இருந்தாங்க. பிள்ளையைப் பாக்க ஆளில்ல."

"அப்ப சாட்சி இல்ல."

"நான்தான் சாட்சி."

மூப்பர் வேதப்புத்தகத்தை அவள் பக்கம் தள்ளினார். "சத்தியம் பண்ணு. பொய்ச் சத்தியம் பண்ணினவ கதி என்னன்னு தெரியுமில்ல?"

"தெரியும்."

ஆயா அந்தக் கையை வேதப்புத்தகத்தின் மேல் வைத்தாள். "பிதா, குமாரன், பரிசுத்த ஆவியின் நாமத்தில மூணு தரம் தண்ணி ஊத்தினேன். சத்தியம்."

கண் இமைக்கவில்லை. முதலில் பார்வையைத் தாழ்த்தியது மூப்பர்தான்.

"என்ன பேரு வெச்சீங்கம்மா?" போதகர் பதிவேட்டைத் திறந்தார்.

"அப்பன் பேரு."

எழுதினார். மூப்பர் கையெழுத்துப் போட்டுவிட்டு, எவரையும் பார்க்காமல் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார்.

குவாரி ஆட்கள் நாலு பேர் கடப்பாரையோடு வந்தார்கள். பாறை மண். ஒரு முழம் இறங்குவதற்குள் சட்டை நனைந்துவிட்டது. தாயே பெட்டியை இறக்கினாள், அப்பன் காலடியில். முதல் பிடி மண்ணைப் போட்ட பிறகுதான் அவளுக்கு அழுகை வந்தது. மற்றவர்கள் மண்வெட்டியால் தள்ளி மூடி, மேலே கல்லும் அடுக்கினார்கள்.

எல்லாரும் போன பிறகு போதகர் அங்கியைக் கழற்றப் போனார். ஆயா பின்னாலேயே வந்தாள்.

"ஐயா, பாவ அறிக்கை ஒண்ணு இருக்கு."

"இப்பவேவா? வெயில்ல நின்னு களைச்சுப் போயிருக்கீங்க. ஞாயித்துக்கிழமை ஆராதனைக்கு முன்னாடி வாங்களேன்."

"இல்ல, இப்பவே. பாவ அறிக்கையில கேட்டதை வெளிய சொல்ல மாட்டீங்கதானே?"

"செத்தாலும் சொல்லக்கூடாதும்மா. அதுதான் முறை."

"மூப்பர் கேட்டா?"

"அவருக்கும் சொல்ல முடியாது. என்ன பாவம்? சொல்லுங்க."

ஆயா முழங்கால் போட்டாள். தலையை மட்டும் குனியவில்லை.

"அந்தப் பிள்ளை மூச்சு விட்ட பத்து நிமிஷமும் நான் கீழ்மாடியில கக்கூஸ் கழுவிக்கிட்டு இருந்தேன் ஐயா, அட்டைப்பெட்டி எடுத்துட்டு வரத்தான் என்னை மேலயே கூப்பிட்டாங்க. நீங்க பிரசங்கம் பண்ற கிருபை நிஜம்னா, இப்ப எனக்கு மன்னிப்பைச் சொல்லுங்க."