முழு வட்டம்

"கண்ணை மூடிக்குங்க மாப்ள. கன்னத்தைத் துப்பாக்கிக் கட்டைல வச்சு நல்லா சாஞ்சுக்குங்க. நான் சொன்னப்புறம் திறங்க."

தங்கையின் கணவன் பாயில் குப்புறப் படுத்திருந்தான். துப்பாக்கி மெக்கானிக் அவனுக்கு வலப்பக்கம் மண்டியிட்டிருந்தார்.

தவறியும் வெடிக்காமலிருக்க போல்ட்டைக் கழற்றி மேசைமேல் வைத்தாயிற்று. மச்சான் மாப்பிள்ளை உறவெல்லாம் மனிதர்களுக்குத்தான், துப்பாக்கிக்குத் தெரியாது.

மேசைமுன் உட்காரவைத்தே ஸ்கோப்பை, குறிபார்க்கும் தொலைநோக்கிக் குழலை, துப்பாக்கிமேல் பூட்டிக் கொடுக்கிற கெட்டிக்காரர்கள் உண்டு. உட்கார்ந்திருக்கும்போது முகம் பின்னால் இருக்கும். படுத்ததும் இரண்டு விரற்கடை முன்னால் ஊர்ந்துவிடும். முதல் வெடியின் உதையிலேயே ஸ்கோப்பின் விளிம்பு புருவத்தில் பிறை கீறிவிடும்.

அந்தப் பிறையோடு வருகிறவர்கள்தான் இவருடைய வாடிக்கையாளர்களில் பாதிப்பேர். யாராக இருந்தாலும் முதலில் பாயில் படுக்க வேண்டும். பேரம்கூட அதற்கப்புறம்தான்.

நாளைக் காலை ஆலையின் துப்பாக்கி சுடும் அணிக்குத் தேர்வு.

மாப்பிள்ளைக்கு ஆலையில் வேலை கொடுத்ததே அவன் படுத்துச் சுடுகிற அழகுக்காகத்தான். பதினெட்டு வருஷம் அந்த அழகு சோறு போட்டது. இந்த வருஷம் குண்டுகள் குறி அட்டையின் ஓரத்துக்குப் போக ஆரம்பித்தன. நாளைக்குப் பட்டியலில் பேர் வராவிட்டால் வேலை போகும். வேலையின் வாலைப் பிடித்துக்கொண்டு ஆலை கொடுத்த வீடும் போகும்.

தங்கை பழியைப் துப்பாக்கியில் குறிபார்க்கும் பழைய இரும்பு முனையின் மேல் போட்டாள். நாற்பத்தைந்து தாண்டியவர்கள் ஸ்கோப் வைத்துக்கொள்ளலாம் என்று புது விதி வந்திருக்கிறதாமே, அண்ணன் கடை வைத்திருப்பது ஊரானுக்கு மட்டும்தானா என்று நாக்கைப் பிடுங்குகிற மாதிரி கேட்டாள். கையோடு புருஷனை இழுத்துக்கொண்டும் வந்துவிட்டாள். இப்போது கதவோரம் முக்காலியில், நாளைக்குச் சுடப்போவது தானே என்பதுபோல் விறைத்து உட்கார்ந்திருந்தாள்.

வருகிற வழியெல்லாம் அவர் வாயே திறக்கவில்லை அண்ணா என்றாள்.

மச்சான் தயவு எந்த ஆம்பளைக்கு இனிக்கும் என்று மெக்கானிக் நினைத்துக்கொண்டார். தரகர் வீட்டில் பிறந்தவர் அவர். எதிராளி மனசில் வைத்திருக்கும் விலையைத் தொண்டைக்குழி அசைவதிலேயே படித்துவிடுவார். சொந்தக்காரர்களிடம் மட்டும் அந்தக் கடையைத் திறப்பதில்லை.

கண்ணைத் திறக்கச் சொன்னார்.

இடது கண்ணை மறைப்பு அட்டை மூடியிருந்தது. வலது கண் ஸ்கோப்பின் பின்னால் திறந்தது.

உள்ளே தெரிகிற வட்டத்தின் ஓரத்தில் கறுப்பு கவ்வுகிறதா என்று கேட்டார். கொஞ்சம் பொறுத்து, ஆமாம் என்றான். பிடிவளையங்களைத் தளர்த்தி ஸ்கோப்பை ஒரு நூல் முன்னால் தள்ளினார். இப்போது? பரவாயில்லை என்றான். இன்னொரு நூல். தேவலை. இன்னும் ஒன்று.

"முழு வட்டம், மச்சான்."

மெக்கானிக்குக்கு மனசு குளிர்ந்துபோயிற்று. மற்றவர்கள் இந்த இடத்தில் உயிரை வாங்குவார்கள். முன்னால் தள்ளு, இல்லை பின்னால் இழு, முதலில் இருந்ததே தேவலை என்று, முப்பது ஜோடி செருப்பை இறக்கவைத்துவிட்டு முதல் ஜோடிக்கே திரும்புகிற சம்பந்தியம்மா மாதிரி. தொழில் தெரிந்தவன் தொழில் தெரிந்தவன்தான் என்று தங்கை காதில் விழும்படி சொன்னார்.

எதிர்ச் சுவரில் சன்னலையொட்டி ஒரு நூலில் தூக்குக்குண்டு தொங்கியது. ஸ்கோப்புக்குள் தெரியும் நெடுங்கோடு அந்த நூலோடு ஒட்டி நிற்க வேண்டும். கோடு சாய்ந்தால் சுடுகிற குண்டும் சாய்ந்துதான் போகும். ஸ்கோப்பை மயிரிழை மயிரிழையாகத் திருப்பிக்கொண்டே, ஒட்டினதும் சொல்லச் சொன்னார்.

அவர் விரல்கள் நின்ற இடத்தில் அவன் சரி என்றான்.

ரசமட்டத்தை மேலே வைத்துப் பார்த்தார். குமிழி நட்டநடுவில் நின்றது.

பின்வளையத்தின் திருகுகளை மாற்றி மாற்றி, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கினார். முழங்காலாலேயே நகர்ந்து முன்வளையத்துக்குப் போனார். ஸ்கோப் புரளாமலிருக்க இடது கையால் அதன் முன்வாயைப் பிடித்தார்.

விரலில் ரப்பர் பட்டது.

காலையில் தூசி அடையாமலிருக்க அவரே மாட்டிய மூடி. கழற்ற மறந்திருந்தார். அது இருக்கும்வரை ஸ்கோப்புக்குள் வெறும் இருட்டுதான்.

திருப்புளி திருகிலேயே நின்றது. தங்கை எழுந்து, சரியாக வந்துவிட்டதா என்று கேட்டாள். வேலையில் கவனமாக இருப்பவரைப்போல் ஒரு கையை மட்டும் உயர்த்திக் காட்டினார்.

மூடியைச் சத்தமில்லாமல் உருவினார்.

சன்னல் வெளிச்சம் குழலுக்குள் புகுந்தது. மறுமுனையில் மாப்பிள்ளையின் விழியின்மேல் மிளகளவு வெள்ளைப் பொட்டாக விழுந்தது.

இமைகூட அசையவில்லை.

இப்போது எப்படி இருக்கிறது என்று மெதுவாகக் கேட்டார்.

"அப்படியேதான் இருக்கு மச்சான். இனிமே கை வைக்காதீங்க."