நூலில் தொங்கும் கருவாடு

ராஜபாளையத்தில் மில் மூடிய பதினைந்தாம் நாள் மத்தியானம். ஐயாதுரையின் வீட்டில் ஒற்றைச் சாளைக் கருவாடு நூலில் தொங்கியபடி புளிக்குழம்புக்குள் கொதிக்கிறது. வாசம் இறங்கியதும் மனைவி கிருபாபாய் அதைத் தூக்கி, மறுநாளைக்கென்று ஆணியில் மாட்டிவிடுவாள். உயிரோடு இருந்தபோதுகூட அது இந்த நாலு நாள் அளவுக்கு நீந்தியிருக்காது. இன்று தூக்குவதற்குள் கூமாப்பட்டியிலிருந்து அவள் அண்ணன் ஜோயல் வந்து உட்கார்ந்துவிட்டார். விருந்தாளிக்குத்தான் முதல் கரண்டி. கருவாடும் கூடவே தட்டில் விழுகிறது. “ஏட்டி, கருவாட்டுக்கு அரைஞாண் கயிறா?” என்று சிரிக்கிறார் ஜோயல். “ஒடையாம வேகட்டும்னுதாண்ணே,” என்கிறாள் அவள். “சாப்பிடுங்க மச்சான்,” என்கிறது ஐயாதுரையின் வாய். கண் மட்டும் தட்டைவிட்டு நகரவில்லை. நாளைக் குழம்பும் அதற்கு மறுநாள் குழம்பும் முள்ளோடு நொறுங்கி மச்சானின் தொண்டைக்குள் இறங்குகின்றன. தட்டோரம் நூல் மட்டும் மிஞ்சுகிறது. கிருபாபாய் அதை அலசாமல் எடுத்து ஆணியில் மாட்டுகிறாள்.