மைக்செட்டுக்கு வந்த ஆபத்து

கறிக்கடைக்காரர் கூடையோடு வந்துவிட்டார். சிறுமி மைக்செட்டை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டு நின்றாள்.

மைக்செட் ஒரு வாத்து. வாயைத் திறந்தால் தெருமுனை வரை கேட்கும், அதனால் அந்தப் பெயர்.

அதன் ஜோடிக்குப் பெயர் தொண்டைக்கட்டு. அது கத்தினால் சளி பிடித்தவர் ரகசியம் பேசுவது போல ஒரு கரகரப்பு வரும், அவ்வளவுதான்.

முன்பகுதியில் குடியிருந்த வீட்டுக்காரர் ஒரு வாரமாகக் குதித்துக்கொண்டிருந்தார். காலைத் தூக்கம் போச்சாம். கத்துகிற வாத்து போக வேண்டும், இல்லையென்றால் இவர்கள் வாடகைக்கு இருந்த பின்பகுதியைக் காலி செய்ய வேண்டும்.

அப்பா சின்ன வயதில் கோழி வளர்த்தவர். கூவுவது சேவல், முட்டையிடுவது பெட்டை. வாத்துக்கு மட்டும் தனிச் சட்டமா என்றார். முட்டையிடாத வாத்துக்கு இந்த வீட்டில் தீவனம் கிடையாது, கத்துகிற ஆண் போகட்டும், கம்மென்றிருக்கும் பெட்டை இருக்கட்டும் என்று தீர்ப்பும் சொல்லிவிட்டார்.

எல்லாம் தலைகீழ் என்று சிறுமி அடித்துச் சொன்னாள். வாத்தில் பெட்டைதான் ஊரைக் கூட்டும். தொண்டைக்கட்டின் வாலில் கொக்கி போலச் சுருண்டிருந்த இறகைக் காட்டி, இது ஆணுக்குத்தான் முளைக்கும், புத்தகத்தில் போட்டிருக்கிறது என்றாள்.

அது புத்தகத்து வாத்து என்றார் அப்பா. மைக்செட் பெட்டையென்றால் முட்டை எங்கே?

அதைத்தான் அவளும் தினமும் தேடிக்கொண்டிருந்தாள். விடியும் முன்பே அம்மா எழுந்து கூட்டைத் திறந்துவிடுவாள். சிறுமி கண்ணைத் தேய்த்துக்கொண்டு ஓடி வரும்போது, இரண்டும் ஒரு வாய் தீவனத்தை அள்ளுவதும் ஓடிப்போய்த் தண்ணீரில் அலசி விழுங்குவதுமாக இருக்கும். கூட்டில் வெறும் வைக்கோல்தான்.

வாத்து சில நேரம் போகிற போக்கில் முட்டையைப் போட்டுவிட்டு நடையைக் கட்டிவிடும் என்றும் படித்திருந்தாள். வாளிக்குப் பின்னால், செருப்புகளுக்கு நடுவில், எங்கே தேடியும் ஒன்றும் சிக்கவில்லை.

கறிக்கடைக்காரர் கண்ணாலேயே எடை போட்டுக்கொண்டிருந்தார். சிறுமியின் கண்ணீர் மைக்செட்டின் முதுகில் விழுந்து, இறகில் ஒட்டாமல் உருண்டோடியது.

அப்போது வீட்டுக்காரர் வந்தார். முகம் அசடு வழிந்தது.

"விடுங்க சார், இருந்துட்டுப் போகட்டும். வாயில்லா ஜீவன்."

மைக்செட் அந்த நேரம் பார்த்து அவர் காதருகே முழுக்குரலில் கத்தியது. கண்ணை மூடிப் பொறுத்துக்கொண்டார்.

கறிக்கடைக்காரர் காலிக்கூடையோடு கிளம்பினார். அப்பாவுக்கு ஒன்றும் புரியவில்லை.

சிறுமிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. நன்றி சொல்ல முன்பகுதிக்கு ஓடினாள். அடுப்படியில் வீட்டுக்காரர் மனைவி எதையோ அவசரமாகத் துண்டால் மூடினாள். துண்டு போதவில்லை.

கிண்ணம் நிறைய முட்டை. கோழிமுட்டையை விடப் பெரியவை.

ஜன்னலுக்குக் கீழே செடிமறைவில் தினமும் ஒன்று கிடந்ததாம். வீட்டுக்காரர் ரசித்துச் சாப்பிடும் ஆம்லெட் எந்த வாத்தினுடையது என்று இன்றைக்குக் காலையில்தான் அவரிடம் சொன்னாளாம். சொல்லிவிட்டு அவள் ஒரு முட்டையைச் சிறுமியின் கையில் திணித்தாள்.

ஜெயித்துவிட்டோம் என்று சிறுமி அப்பாவை நோக்கிப் பறந்தாள். பாதி முற்றத்தில் கால் நின்றுவிட்டது.

மைக்செட் பெட்டையென்றால், முட்டையிடாத வாத்து எது?

தொண்டைக்கட்டு ஒன்றும் அறியாமல் அலகால் இறகைக் கோதிக்கொண்டிருந்தது. மைக்செட்டுக்காகப் பேச வீட்டுக்காரர் இருக்கிறார், இதற்கு யார் இருக்கிறார்கள்? கறிக்கடைக்காரர் இன்னும் தெருமுனையைத் தாண்டவில்லை.

சிறுமி தொண்டைக்கட்டைத் தூக்கிக் கூட்டுக்குள் விட்டாள். முட்டையை அதன் வயிற்றுக்கடியில் தள்ளிவிட்டு அப்பாவைக் கூப்பிட்டாள்.

அப்பா முட்டையைக் கையில் உருட்டிப் பார்த்தார். மீசைக்குள் சிரிப்பு பரவியது. எது பெட்டை என்று நான் அப்போதே சொன்னேனா இல்லையா என்று கேட்டார்.

"ஆமாப்பா," என்றாள் சிறுமி. "புத்தகத்துல தப்பாப் போட்டுட்டாங்க."